மாடியில் நேராகத் தெரிவதும் மைதானத்தில் நேராகப் போவதும்: ஒரு கோல்ஃப் டீ-குச்சி செட் பற்றி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த செட்டில் ரப்பர் டீக்கும் மூங்கில் டீக்கும் கொடுத்த காசு தகும். டீ என்றால் முதல் அடிக்குப் பந்தைத் தூக்கி வைக்கும் சின்ன முளை. படத்தில் பளபளவென்று தெரிந்த இரண்டு அலைன்மென்ட் குச்சிகள், அதாவது நேராக நிற்கிறோமா என்று பார்க்கத் தரையில் போடும் குச்சிகள்தான் சுமார் ரகம். அந்தக் குச்சிகளுக்காகத்தான் நானே வாங்கினேன் என்பது வேறு விஷயம்.

ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகளில் கேட்டால் கிரிக்கெட்டும் ஷட்டிலும் தாண்டி ஒன்றும் எடுத்துப் போட மாட்டார்கள். அதனால் ஆன்லைன்தான். டப்பாவில் வந்தவை இவை: நடுவில் மடக்கிக் கொள்ளும் ஃபைபர் குச்சி இரண்டு, நான்கடி நீளம்; 83 மி.மீ. மூங்கில் டீ ஒரு கொத்து. கழுத்தில் வளையம் வைத்த பிளாஸ்டிக் டீ சில. பயிற்சி மேட்டில் (தரை விரிப்பில்) செருகும் ரப்பர் டீ மூன்று அளவில். பந்தின் மேல் கோடு போட ஒரு பிளாஸ்டிக் அச்சு. தலையில் அம்புக்குறி போட்ட ஒரு விசேஷ டீ. எல்லாம் சேர்ந்து ஆயிரத்தை ஒட்டி வந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்வதில் பிரயோஜனமில்லை. ஒரே சாமானைப் பத்துப் பெயரில் விற்கிறார்கள்.

நான் யார் என்றும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஏன் இப்படி மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கிறேன் என்று புரியாது. சேலம் உருக்காலையில் மெயின்டனன்ஸ் வேலை. மோட்டாரையும் கியர் பாக்ஸையும் கப்ளிங் போட்டு இணைப்பதும், டயல் கேஜ் வைத்து நேர் பார்ப்பதும்தான் பாதி ஆயுள். ஓய்வுக்குப் பிறகு பெங்களூரில் இருக்கும் மருமகன் இந்த ஆட்டத்தில் இழுத்துவிட்டார். கோயம்புத்தூரோ பெங்களூரோ போகும்போது ஆடுவேன். மற்ற நாளெல்லாம் அழகாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வலை கட்டி அடிப்பதுதான். டிரைவர் என்றால் பையில் இருப்பதிலேயே நீளமான கிளப் (அடிக்கும் மட்டை), முதல் அடிக்கு எடுப்பது. நன்றாகப் பட்டால் எனக்கு 190 கஜம் போகும். இந்த வயதுக்கு அது போதும். ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் கேள்வி.

டீயில் ஆரம்பிக்கிறேன். எவ்வளவு உயரம் வைப்பது என்று கேட்டால் எல்லோரும் "பாதிப் பந்து கிளப்புக்கு மேலே தெரியணும்" என்பார்கள். சரிதான், ஆனால் அது எத்தனை மில்லிமீட்டர்? பந்தின் விட்டம் 42.67 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது விதி. அதில் பாதி 21 சொச்சம். என் டிரைவரைத் தரையில் வைத்து அதன் முதுகு (தலையின் மேற்புறம்) வரை அளந்தால் ஏறக்குறைய 60 மி.மீ. அப்படியானால் டீயின் தலை தரையிலிருந்து 38, 39 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். உங்கள் கிளப்பின் முதுகு தாழ்வாக இருந்தால் அதற்கேற்பக் குறையும். அளந்து பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலை.

இது ஏன் முக்கியம் என்றால், டிரைவர் ஒன்றுதான் பந்தை ஏறுமுகத்தில் தொட வேண்டிய கிளப். கிளப் சுற்றி வந்து அடிமட்டத்தைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கும்போது பந்து எதிரே நிற்க வேண்டும். டீ தாழ்ந்திருந்தால் கை தானாகவே மேலிருந்து கீழே வெட்டும், பந்து கிளப் முகத்தின் (பந்தைத் தொடும் தட்டைப் பக்கம்) கீழ்ப் பாகத்தில் படும். அங்கே பட்டால் பின்சுழற்சி கூடும். அடித்த வேகமெல்லாம் உயரத்துக்கே செலவாகி, பந்து மேலே போய் நின்றுவிட்டு விழும். முகத்தின் நடுவுக்குச் சற்று மேலே பட்டால் சுழற்சி குறைந்து, விழுந்த பிறகும் உருளும். பக்கவாட்டிலும் இதே கதைதான். வலது கைக்காரருக்கு நுனியில் பட்டால் பந்து இடது பக்கம் வளையும், ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) ஓரத்தில் பட்டால் வலது பக்கம் வளையும். கிளப் தலையின் எடை மையம் முகத்துக்குப் பின்னால் தள்ளி இருப்பதால், ஓரத்தில் அடி பட்டதும் தலை ஒரு பக்கம் திரும்ப, பந்து எதிர்ப் பக்கமாகச் சுழல்கிறது. கியர் பார்த்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரொம்ப உயர்த்தி வைத்தால் இன்னொரு வம்பு: கிளப் பந்தின் அடியில் புகுந்து பந்து செங்குத்தாக வானத்துக்குப் போகும், டிரைவரின் முதுகில் வெள்ளைத் தழும்பு மிச்சம்.

ரப்பர் டீக்கு வருகிறேன். 40, 55, 70 என்று மூன்று அளவு. டப்பாவில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது அடியிலிருந்து நுனி வரையிலான மொத்த உயரம். ரப்பர் டீயை மேட்டின் அடியிலிருந்து துளை வழியாகச் செருகுகிறோம், அதனால் மேட்டின் தடிமனைக் கழிக்க வேண்டும். என் மேட் 25 மி.மீ. 70 போட்டால் மேலே தெரிவது 45, கொஞ்சம் அதிகம். 55 போட்டால் 30, குறைவு. செவ்வாய்ப்பேட்டை ஹார்டுவேர் கடையில் 6 மி.மீ. ரப்பர் ஷீட் ஒரு துண்டு வெட்டி வாங்கி, துளை போட்டு மேட்டின் அடியில் விரித்தேன். 70-இல் 31 போக 39. கச்சிதம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பந்து வைக்கும் மேட் சின்னது, ஆள் நிற்பது வெறும் தட்டோட்டில் என்றால் இந்தக் கணக்கெல்லாம் வீண். உங்கள் காலுக்குப் பந்து 70 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, மேட்டின் தடிமன் கழியவே இல்லை. நிற்கும் இடத்துக்கும் அதே 31 மி.மீ. உயரத்துக்கு ஏதாவது போட வேண்டும். நான் பழைய பிளைவுட் போட்டு, அதன் மேல் வழுக்காமல் இருக்க ஒரு ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறேன். ரப்பர் டீயின் தரம் பரவாயில்லை. மே மாத மாடி வெயிலில் கிடந்தும் வெடிக்கவில்லை.

மூங்கில் டீ நல்லது. மரத்தைவிடத் தாங்குகிறது. சேலத்துச் செம்மண் ஏப்ரலில் எப்படி இறுகும் என்று தெரியும்தானே, மர டீயைக் குத்தினால் கழுத்தோடு போய்விடும். 83 மி.மீ. நீளத்தில் 45 மண்ணுக்குள், மீதி வெளியே. இதில் கோடு அச்சடித்து வருகிறது. கோடு இல்லாத டீயானால் தலையிலிருந்து 38-இல் பேனாவால் ஒரு வளையம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே உயரம் வைப்பதுதான் முக்கியம், அது 36 ஆனாலும் 40 ஆனாலும் குடி முழுகாது. உயரம் மாறிக்கொண்டே இருந்தால் எந்த அடி எதனால் கோணியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. வளையம் வைத்த பிளாஸ்டிக் டீயும் இந்த வேலையைத்தான் செய்கிறது, ஆனால் அந்த வளையம் மண்ணில் உட்காராமல் புல் மேலே உட்கார்ந்தால் கணக்கு மாறும். அதோடு பிளாஸ்டிக் சாயம் கிளப்பின் அடியில் ஒட்டுகிறது. நான் அதை அயர்ன் (இரும்புத் தலை கிளப்) அடிக்க மட்டும் வைத்துக்கொண்டேன். விதிப்படி டீ 4 அங்குலத்துக்கு, அதாவது 101.6 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. இந்த செட்டில் எதுவும் அதைத் தாண்டவில்லை.

அந்த அம்புக்குறி டீயைத் தூக்கிப் போடலாம். திசை காட்டும்படி செய்த டீ போட்டியில் செல்லாது. அதை வைத்து அடித்துவிட்டு யாரோடும் வாதம் பண்ண வேண்டியதில்லை.

கொஞ்சம் கதை. ஒரு காலத்தில் டீ என்று தனிப் பொருளே இல்லை. ஈர மணலைப் பிடித்து வைத்து அதன் மேல் பந்தை வைப்பார்கள், டீ பாக்ஸ் (முதல் அடி அடிக்கும் இடம்) பக்கத்தில் மணல் பெட்டி இருக்கும். 1899-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிரான்ட் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் மர டீக்குக் காப்புரிமை வாங்கினார், விற்கவில்லை. 1920-களில் அதைப் பெரிய வியாபாரமாக்கிய வில்லியம் லோவெல்லும் பல் மருத்துவர்தான். குத்துவதில் இருவருக்கும் கை பழகியிருக்கும் போல.

இப்போது குச்சி. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

200 கஜம் போகிற பந்து ஒரு டிகிரி விலகினால் போய்ச் சேரும் இடம் மூன்றரைக் கஜம் தள்ளி இருக்கும். ஐந்து டிகிரிக்குப் பதினேழரைக் கஜம். பல ஃபேர்வேக்களின் (பந்து போக வேண்டிய, புல்லை ஒட்ட வெட்டிய பாதை) அகலமே 30, 40 கஜத்துக்குள்தான். நடுவைப் பார்த்து அடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஐந்து டிகிரி திரும்பி நின்றால், அடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பந்து ஓரத்துப் புல்லில். அந்த ஐந்து டிகிரி நிற்கிற ஆளுக்குத் தெரியவே தெரியாது. நம் கண் பந்துக்கு நேர் மேலே இல்லை, பக்கவாட்டில் இருந்து பார்க்கிறது.

கப்ளிங்கில் இரண்டு விதப் பிழை உண்டு. இரண்டு ஷாஃப்டும் இணையாகவே இருந்து ஒன்று தள்ளி இருப்பது ஒன்று, கோணமாகத் திரும்பியிருப்பது இன்னொன்று. கோல்ஃபில் முதலாவது பிழையே அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். பந்திலிருந்து இலக்குக்கு ஒரு கோடு. கால் நுனிகளை இணைக்கும் கோடு அதற்கு இணையாக, இடது பக்கம் தள்ளி. பாதம் இலக்கையே பார்க்கும்படி வைத்தால் அதுதான் கோணப் பிழை. உடம்பு வலது பக்கம் திரும்பிவிடும், பிறகு அடிக்கும்போது கை அதைச் சரிக்கட்ட இழுக்கும்.

டிரைவரில் மட்டும் இன்னொரு சிக்கல். ஏறுமுகத்தில் தொட வேண்டும் என்பதற்காகப் பந்தை முன்னால், இடது குதிகாலின் உள்பக்கத்துக்கு நேராக வைக்கிறோம். கிளப்பை அங்கே கொண்டுபோய் வைக்க வலது கை எட்டிப் போகும், கூடவே வலது தோளும் முன்னால் வரும். பாதம் இரண்டும் குச்சிக்கு இணையாக அழகாக இருக்கும், தோள் மட்டும் இடது பக்கம் பார்க்கும். கிளப் தோள் காட்டும் வழியிலேதான் சுற்றி வரும், வெளியிலிருந்து உள்ளே வெட்டும். பந்து எந்தப் பக்கம் கிளம்புவது என்பதைப் பெரும்பாலும் கிளப்பின் முகம் தீர்மானிக்கிறது. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் அதை வளைக்கிறது. முகம் நேராக, பாதை இடது பக்கமாக என்றால் பந்து வலது பக்கம் வளைந்து ஓடும். ஸ்லைஸ் என்று நொந்துகொள்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தோள்.

எனக்கு இதைக் கண்டுபிடித்துச் சொன்னது எந்த வீடியோவும் இல்லை. துணி காயப்போட மாடிக்கு வந்த என் மனைவி பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, காலு ரெண்டும் குச்சியப் பாத்துதான் நிக்குது. தோளு எதிர்வீட்டுத் தண்ணி டேங்கப் பாக்குது." அதன் பிறகு டிரைவர் எடுத்தால் மட்டும் ஒரு குச்சியை மார்புக்குக் குறுக்கே தோளோடு பிடித்து, கீழே கிடக்கும் குச்சிக்கு இணையாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். வலது தோளைச் சற்றுத் தாழ்த்தினால் தானாகவே பின்னால் போய்விடுகிறது.

சரி, இந்த செட்டில் வந்த குச்சி நேராக இருக்கிறதா? இழுத்துக் கட்டிய நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உள்ளே எலாஸ்டிக் கயிறு, நடுவில் உலோகக் குழாய் மூட்டு. அந்த மூட்டில் ஆட்டம். ஒன்றில் நடுவே சுமார் 5 மி.மீ. இடைவெளி. நான்கடிக் குச்சியில் அது ஏறக்குறைய ஒரு டிகிரி வளைவு. பாதம் வைக்க இது போதும் என்று சிலர் சொல்லலாம். நேர் பார்ப்பதற்கென்றே விற்கிற பொருள் ஒரு டிகிரி கோணலாக இருப்பதை என்னால் ஏற்க முடியாது. அதிலும் எலாஸ்டிக் சூட்டில் தொய்ந்து ஆட்டம் இன்னும் கூடுகிறது. திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டதற்குக் காரணம், ஒரு வழி இருக்கிறது: குச்சியை உருட்டி, வளைவு பக்கவாட்டில் இல்லாமல் மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால் மேலிருந்து பார்க்க நேராகிவிடும். அந்தப் பக்கத்தில் நெயில் பாலிஷ் ஒரு பொட்டு. இனி வாங்குகிறவர்கள் மடக்காத ஒற்றைக் குச்சியாக வாங்குங்கள், கார் பின்சீட்டில் குறுக்கே போட்டால் போகும். அதைவிட மலிவாக வேண்டுமென்றால் அலுமினியம் பார்ட்டிஷன் போடுகிற கடையில் மிச்சத் துண்டு கேளுங்கள். நேர்த்தியில் ஃபைபர் கிட்டவே வராது. பந்துக்கு மிக அருகில் மட்டும் அதை வைக்க வேண்டாம், கிளப் பட்டால் இரண்டுக்கும் சேதம். பிவிசி பைப் வேண்டாம், நம் ஊர் வெயிலில் வளைந்துவிடும்.

மாடியில் ஆடுகிறவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று. தட்டோடு பதித்த மாடியில் எங்கு பார்த்தாலும் கோடு. சுற்றிக் கைப்பிடிச் சுவர் வேறு. மேட்டை அந்தக் கோட்டுக்கு இணையாகப் போட்டால் குச்சியே தேவையில்லை, தரையே நேர் காட்டிவிடும். அடி எல்லாம் வலையின் நடுவில் போய் விழும், மனசு குளிரும். கோர்ஸில் போய் நின்றால் புல்வெளியில் ஒரு கோடும் இல்லை. அதனால் நான் மேட்டைத் தட்டோட்டுக் கோட்டுக்கு இருபது டிகிரி போலத் திருப்பிப் போட்டிருக்கிறேன். கண் முதலில் குழம்பும். குழம்பட்டும். குச்சியை முதலில் வைக்காமல் நின்று, பிறகு பாதத்தை நகர்த்தாமல் குச்சியை வைத்துச் சரிபார்ப்பதுதான் இந்த செட்டின் சரியான உபயோகம்.

கோர்ஸில் டீ மார்க்கர்களையும் (டீ பாக்ஸின் இரண்டு பக்கமும் வைக்கும் அடையாளக் குறிகள்) நம்பக் கூடாது. அவை இரண்டும் எல்லையைக் காட்டவே இருக்கின்றன, திசையைக் காட்ட அல்ல. அவற்றுக்கு நேர் குறுக்காக நின்றால் மரத்தைப் பார்த்து நிற்க வேண்டிவரும். மார்க்கர்களுக்குப் பின்னால் இரண்டு கிளப் நீளம் வரை எங்கு வேண்டுமானாலும் டீ வைக்கலாம் என்பதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. பந்து உள்ளே இருந்தால் போதும், கால் வெளியே இருக்கலாம். மட்டமான இடமாகப் பார்த்து வையுங்கள். பந்து காலைவிட உயரமாக இருந்தால் அடி இடது பக்கம் போகும், தாழ்ந்திருந்தால் வலது பக்கம். வலது பக்கம் வளைக்கிறவர்கள் டீ பாக்ஸின் வலது ஓரத்தில் வைத்து இடது பக்கமாகக் குறி வைத்தால் ஃபேர்வே அகலமாகக் கிடைக்கும்.

ஆட்டத்தின்போது குச்சியைத் தரையில் வைத்தால் தண்டம் உண்டு, அடிப்பதற்கு முன் எடுத்துவிட்டாலும் தப்ப முடியாது. 2019-இல் விதிகளை மாற்றியபோது கேடி (ஆடுகிறவருக்குப் பை தூக்கி வரும் உதவியாள்) பின்னால் நின்று நேர் பார்த்துச் சொல்வதற்கும் தடை போட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பது பழைய வழி, அமெரிக்கச் சாம்பியன் ஜாக் நிக்லஸ் பிரபலப்படுத்தியது: பந்துக்குப் பின்னால் நின்று இலக்கைப் பார்த்து, அந்தக் கோட்டில் பந்துக்கு இரண்டு மூன்றடி முன்னால் ஏற்கெனவே கிடக்கும் இலையையோ பழைய டீத் துண்டையோ பிடித்துக்கொள்வது. முகத்தை அதற்கு நேராக வைத்து, அப்புறம் கால். பந்தில் கோடு போட்டுக்கொள்ளவும் அனுமதி உண்டு. செட்டில் வந்த அச்சு அதற்குத்தான், பட் செய்யும்போது (குழியை நோக்கிப் பந்தை உருட்டும்போது) உதவுகிறது. டிரைவருக்கு எனக்கு அது இடைஞ்சல். மேலிருந்து பார்க்கும்போது கோடு கோணலாகத் தெரிந்து சந்தேகத்தைத்தான் கிளப்புகிறது.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் நண்பர் ஒருவருக்குக் காப்பித் தோட்டம். காப்பி காயவைக்கும் களம் சிமென்ட் போட்டு மட்டமாக இருக்கும், அறுவடை இல்லாத மாதங்களில் அங்கே ஸ்பாஞ்சுப் பந்து வைத்து அடிப்போம். மலையில் எது மட்டம் என்று கண்ணுக்குப் பிடிபடாது. சுற்றிலும் சரிவு, சில்வர் ஓக் மரம் கூடச் சாய்ந்து தெரியும். குச்சி இல்லாமல் நான் அங்கே நின்றால் தோள் எப்போதும் பள்ளத்தின் பக்கம் திரும்பும். உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்து அதிக தூரம் போகும். ஏற்காடு போல ஐயாயிரம் அடியில் ஆறு சதவீதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானல், வெலிங்டன் கோர்ஸ்களில் ஆடினால் இதை நேரிலேயே பார்க்கலாம். ஆனால் தூரம் கூடும் அளவுக்கு விலகலும் கூடும்.

தூரத்துக்கே அலைகிறவர்களுக்கு நான் நம் நாட்டு வீராங்கனை அதிதி அசோக்கைத்தான் சொல்வேன். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 7 காலையில், கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளிலும் டிவி ஓடியது. நான்காம் இடம், ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் (அடியில்) பதக்கம் தவறியது. நீள டிரைவுக்குப் பெயர் வாங்கியவர் அல்ல அவர்.

குச்சியை எடுத்து வைப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. வெயிலில் கிடந்தால் ஃபைபரின் மேல்பூச்சு உரிந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி இழை கையில் ஏறும். ஏறினால் இரண்டு நாள் குத்திக்கொண்டே இருக்கும். புதிதாக வந்த அன்றே எலெக்ட்ரிக்கல் இன்சுலேஷன் டேப்பை முழு நீளத்துக்கும் சுற்றிவிடுங்கள், ஆடி முடித்ததும் மாடிப்படி நிழலில் நிறுத்துங்கள். மூங்கில் டீ மட்டும் தனிப் பாக்கெட்டாகவும் அதே இடத்தில் கிடைக்கிறது. அடுத்த தடவை அதையும் 70 மி.மீ. ரப்பர் டீ இரண்டையும்தான் வாங்குவேன், செட்டை அல்ல.